காவல் நிலையத்தில் அடித்ததற்கு அரசு கொடுத்த இழப்பீடு: அந்தக் காகிதத்தை எங்கே கேட்பது?

கேத்திக்காரி · ஜனவரி 4, இரவு 8:15

இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 26 ஆண்டுகள் கொழுந்து எடை எழுதியவள் நான். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகனை, சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு காவல் நிலையத்தில், இரு சக்கர வாகனத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துவைத்து அடித்தார்கள். வண்டி பிறகு வேறொருவனிடம் கிடைத்தது. இவனுக்கு இன்றும் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினார்கள். விசாரணை நடந்தது, இழப்பீடு தரச் சொன்னார்கள், பணமும் வந்துவிட்டதாகச் சொல்கிறாள். "கொடுத்துவிட்டார்களே அக்கா, இனி அதைக் கிளறி என்ன?" என்கிறாள்.

அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அந்தப் பணம் யாருடையது? அடித்தவர்கள் கொடுத்தார்களா, நம் வரிப்பணமா? இதுபோல் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். கேள்வி இதுதான்:

"கடந்த 10 ஆண்டுகளில் காவல்துறையினரின் தவறான நடத்தையால் பாதிக்கப்பட்ட எத்தனை பேருக்கு எவ்வளவு இழப்பீடு வழங்கப்பட்டது? தவறு செய்தவர்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?"

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி: "மனுதாரர் கோரியவாறு விவரங்கள் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை."

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம் ஜார்ஜ் ஃபிளாய்ட் குடும்பத்துக்கு 2.7 கோடி டாலர் கொடுத்தது இங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரிகிறது. பக்கத்து ஊர்ப் பையனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லையா?

---

கொழுந்துக்கூடை · ஜனவரி 4, இரவு 9:02

தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் அக்கா? மனுவுக்குக் கட்டிய அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு தேநீராவது குடித்திருக்கலாம்.

---

ஏரிக்கரைக் குன்னூரான் · ஜனவரி 5, காலை 6:40

பிறந்தது குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம், பதினான்கு ஆண்டுகளாகச் சிகாகோவில் இருக்கிறேன். அக்கா அமெரிக்காவைச் சொன்னதால் எழுதுகிறேன்.

இங்கே காவல்துறை நகரத்துடையது. ஆணையரை நியமிப்பது மேயர், சம்பளம் கொடுப்பது நகரக் கருவூலம். ஒருவரைக் காவலர் அடித்தால், 1871-இல் இயற்றிய ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அவர் வழக்குப் போடலாம். நகரத்தின் கொள்கையோ நெடுநாள் வழக்கமோ அந்த மீறலுக்குக் காரணம் என்று காட்டினால் நகரத்தையே பிரதிவாதியாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது. பெரும்பாலான வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. நகரம் ஒரு தொகைக்கு இணங்கி, "எங்கள்மீது தவறு இல்லை" என்ற வாசகத்தையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். தொகை கொடுப்பார்கள், தவறை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை மறைக்க முடியாது. இல்லினாய் மாநிலத் தகவல் சட்டத்தில், பொது அமைப்பு செய்துகொள்ளும் எல்லாத் தீர்வு ஒப்பந்தங்களும் பொது ஆவணங்களே என்று தனிப் பிரிவே இருக்கிறது. கேட்டால் ஐந்து வேலை நாட்களில் பதில் தர வேண்டும், இன்னும் ஐந்து நாள் நீட்டித்துக்கொள்ளலாம். போதாததற்கு, ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட தீர்வு என்றால் நகர மன்றம் வாக்களித்தாக வேண்டும்.

அப்படியும் ஏமாற்றம் உண்டு. 2014 அக்டோபரில் லாக்வான் மெக்டொனால்டு என்ற பதினேழு வயதுப் பையனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 2015 ஏப்ரலில், வழக்குத் தாக்கல் ஆகும் முன்பே, நகர மன்றம் 50 லட்சம் டாலருக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. சுட்ட காட்சி அடங்கிய ஒளிப்பதிவோ, நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு நவம்பரில்தான் வெளியே வந்தது. ஏழு மாதம் தொகை தெரியும், எதற்கு அந்தத் தொகை என்று ஊருக்குத் தெரியாது. ஆகையால் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள், அதன் பின்னால் இருக்கும் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

---

கேத்திக்காரி · ஜனவரி 5, காலை 7:30

நல்லது தம்பி. அப்படியானால் நான் அந்த ஊர் நகராட்சியிடம் கேட்டிருக்க வேண்டுமோ?

---

பழைய கணக்கர் · ஜனவரி 5, முற்பகல் 11:20

அம்மா, நகராட்சிப் பக்கம் போகாதீர்கள். குன்னூர்காரர் சொன்னதை அப்படியே இங்கே பொருத்தப் பார்த்தால் வழி தவறிவிடும்.

நம் ஊரில் எந்த நகராட்சிக்கும் காவல்துறை கிடையாது. ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என்று மாவட்டத்தில் நான்கு நகராட்சிகள் இருக்கின்றன. ஒன்றிலும் ஒரு காவலருக்குக்கூடச் சம்பளப் பட்டியல் போட்டதில்லை. சென்னை மாநகரக் காவல் என்று பெயர் இருந்தாலும் அது மாநகராட்சியின் கீழ் இல்லை. காவல் மாநில அரசுடையது. அந்தச் செலவு மொத்தமும் சட்டமன்றத்தில் உள்துறையின் மானியக் கோரிக்கை எண் 22-இன் கீழ் வருகிறது. எனவே இங்கே பணம் கொடுப்பது நகரம் இல்லை, தமிழ்நாடு அரசு.

நான் கருவூலத்தில் 31 ஆண்டுகள் இருந்தவன். முதல் பத்து ஆண்டு பட்டியல்களைக் கையால் சரிபார்த்த காலம். இப்போது எல்லாம் 'களஞ்சியம்' கணினியில் நடக்கிறது. எந்தக் காலமாக இருந்தாலும் ஒன்று மாறவில்லை. அரசுப் பணம் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமென்றால் நான்கு காகிதம் வேண்டும். கொடுக்கலாம் என்று ஒப்பளிக்கும் ஆணை ஒன்று, எந்தக் கணக்குத் தலைப்பில் என்ற குறிப்பு ஒன்று, பணம் பெற்று வழங்கும் அலுவலர் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று, பெற்றவரின் ரசீதோ வங்கியில் வரவு வைத்த விவரமோ ஒன்று. இந்த நான்கும் இல்லாமல் உங்கள் தோழி கைக்குப் பணம் வந்திருக்கவே முடியாது.

நீங்கள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "தவறான நடத்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அலுவலகத்திலும் எந்தக் கோப்பின் மேலட்டையிலும் "தவறான நடத்தை" என்று எழுதியிருக்காது. "மாநில மனித உரிமை ஆணையம், வழக்கு எண் இன்னது, பரிந்துரை, இழப்பீடு ஒப்பளித்தல், ஆணை வெளியிடப்படுகிறது" என்றிருக்கும். மேலட்டையில் என்ன எழுதியிருக்குமோ அந்தச் சொல்லால் கேளுங்கள். "தொகுத்துப் பராமரிக்கவில்லை" என்று பதில் எழுத அவர்களுக்கு இடமிருக்காது.

இன்னொன்று: "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்பதை அடித்துவிடுங்கள். ஆவணம் கேட்டால் ஆவணம் தர வேண்டும். காரணம் கேட்டால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று முழு மனுவையும் ஓரம்கட்டுவார்கள். கேட்ட உங்களுக்கு அது கோபம், பதில் எழுதுபவருக்குத் தப்பிக்க ஒரு சந்து.

---

கேத்திக்காரி · ஜனவரி 5, பிற்பகல் 1:05

எடைச்சீட்டு இல்லாமல் ஒரு கிலோ கொழுந்துக்குக்கூடப் பணம் போகாது என்று 26 ஆண்டுகள் எல்லோரிடமும் சண்டை போட்டவள் நான். எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்.

---

கூடலூர் வழக்கறிஞர் · ஜனவரி 5, இரவு 10:10

கணக்கர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. சட்டப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். சற்று நீளும்.

"தொகுக்கவில்லை" என்று அவர்கள் எழுதியது வெறும் சாக்கு இல்லை. கைவசம் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், கேட்பவருக்காகப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டிய கடமை இல்லை என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் "எத்தனை" என்று கேட்காமல் "நகல் தருக" என்று கேளுங்கள். எண்ணிக்கையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

குன்னூர் அண்ணன் சொன்ன 'தீர்வு ஒப்பந்தம்' என்ற காகிதமே நம்மிடம் கிட்டத்தட்டக் கிடையாது. அரசு இங்கே பேரம் பேசி ஒப்பந்தம் போடுவதில்லை. யாராவது உத்தரவிட்டால் கொடுக்கும். அந்த உத்தரவு வரும் வழிகள் மூன்று. ஒன்று, உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றம். 1965-இல் கஸ்தூரிலால் வழக்கில், காவலர்கள் பறிமுதல் செய்த தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு ஓடியபோதும், அது அரசின் இறையாண்மைப் பணியில் நடந்தது என்று சொல்லி அரசை விடுவித்துவிட்டார்கள். அந்தக் கதவு திறக்க 1983 வரை ஆனது. விடுதலை ஆன பிறகும் பதினான்கு ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில், காவலில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு ஒன்றரை லட்சம். நம் மாநிலத்தில் வாச்சாத்தி: 1992-இல் நடந்த கொடுமைக்கு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 செப்டம்பரில். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. முப்பத்தோரு ஆண்டு.

இரண்டு, மனித உரிமை ஆணையம். 1993 சட்டத்தின்படி அது 'பரிந்துரை'தான் செய்யும். நெடுங்காலம் அரசு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விருப்பப்பட்டால் கொடுத்தது, இல்லாவிட்டால் இல்லை. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம், கிடப்பில் போட முடியாது. அதனால் உங்கள் மனுவில் 2021-க்கு முன், பின் என்று இரண்டாகக் கேட்டால் சுவையான படம் கிடைக்கும்.

மூன்று, பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கு. அதில் நிவாரணம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகும். பணியர், இருளர், குறும்பர் வீடுகளுக்கு வந்த தொகை காவல்துறைக் கோப்பில் தேடினால் கிடைக்காது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பிரிவில் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் பலர் தவறவிடுவது இதைத்தான்.

இனி மறுப்புகள். அவர்கள் முதலில் எடுப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, தனிநபர் தகவல். அரசு ஊழியர்மீதான துறை நடவடிக்கை அவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் இடைப்பட்ட விஷயம் என்று 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றுமுதல் குறிப்பாணை, தண்டனை ஆணை என்று எதைக் கேட்டாலும் இந்தத் தீர்ப்பைத்தான் நகலெடுத்து அனுப்புகிறார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநல விலக்கு இப்போது இல்லை. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது: மறைப்பதால் வரும் பயனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரியதென்றால் தரலாம். மனுவிலேயே 8(2)-ஐ எழுதிவிடுங்கள். கூடவே 10-ஆம் பிரிவையும்: தரக்கூடாத பகுதியைக் கறுப்பு அடித்து மீதியைத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெயரை நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. பாலியல் குற்றம் என்றால் பெயரை வெளியிடுவதே குற்றம்.

---

ஏரிக்கரைக் குன்னூரான் · ஜனவரி 6, காலை 5:55

இது எனக்குப் புதிது. இங்கே நேர்மாறாக நடந்திருக்கிறது. காவலர்மீதான புகார்க் கோப்புகள் பொது ஆவணமே என்று இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல், கேல்வன் என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கும் காவலர் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மறைத்துவந்த சட்டப்பிரிவை 2020 ஜூனில் நீக்கியது. உங்கள் 2012 தீர்ப்பையும் இங்குள்ள 2014 தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வயிறு எரிகிறது.

---

நெறியாளர் · ஜனவரி 6, காலை 9:00

இரண்டு பதிவுகளில் காவல் நிலையத்தின் பெயரும் ஓர் ஆய்வாளரின் பெயரும் இருந்தன. நீக்கியிருக்கிறேன். தீர்ப்பில் அச்சான பெயரைச் சொல்லுங்கள், கேள்விப்பட்ட பெயரைச் சொல்லாதீர்கள்.

---

காவலர் வீட்டுப் பெண் · ஜனவரி 6, இரவு 8:48

எழுதலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். என் அப்பா முதல்நிலைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மழையில் பர்லியாறு வளைவில் நின்று லாரிகளை ஒழுங்குபடுத்தியவர்.

நீங்கள் தேடும் காகிதம் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொன்ன ஒரு வழக்கில், அரசு முதலில் கொடுத்துவிட்டு ஊழியர்களிடம் பிடித்தம் செய்துகொள்ளலாம் என்றிருந்தது. அடித்தவர் வேறு, அடிக்கச் சொன்னவர் வேறு. அன்று அப்பாவுக்குக் கதவருகே காவல் பணி. பிடித்தம் மூவர் சம்பளத்தில் வந்தது. அடிக்கச் சொன்னவர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார், வழக்கறிஞர் வைக்க அவருக்கு வசதி இருந்தது. அப்பா வாங்கவில்லை. கதவருகே நின்றதும் குற்றம்தான் என்று அவரே சொல்வார், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கேத்தி அம்மா, "யார் கொடுத்தார்கள்" என்று கேட்கும்போது பதவி வாரியாகக் கேளுங்கள். எந்தப் பதவியிலிருப்பவரிடம் எவ்வளவு பிடித்தார்கள், யாருடைய பிடித்தத்துக்குத் தடை இருக்கிறது என்று. வெறும் மொத்தத் தொகை வந்தால் எங்கள் வீட்டுக் கதை அதில் தெரியாது.

---

கேத்திக்காரி · ஜனவரி 6, இரவு 9:15

எழுதியதற்கு நன்றி மகளே. பெயர் கேட்க மாட்டேன். பதவி மட்டும் கேட்கிறேன்.

---

பழைய கணக்கர் · ஜனவரி 6, இரவு 9:40

இந்தப் பெண் சொன்னது மிகச் சரி. பிடித்தம் என்றால் சம்பளப் பட்டியலில் தனியாக ஒரு வரி வந்தாக வேண்டும். அந்தத் தொகை திரும்ப அரசுக் கணக்கில் சேர்ந்த விவரமும் இருந்தாக வேண்டும். கொடுத்ததற்கு ஒரு தடம், வசூலித்ததற்கு ஒரு தடம். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் எங்களுக்கும் சற்று வியர்த்திருக்கும்.

---

கொழுந்துக்கூடை · ஜனவரி 7, அதிகாலை 5:20

பத்து ரூபாய் தேநீர் என்று கேலி செய்தவன் நான்தான். படித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் காகிதம் இருக்கும் வழக்குகளைப் பேசுகிறீர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லயன் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவனை இரவு கூட்டிக்கொண்டு போவார்கள். காலையில் விட்டுவிடுவார்கள், முகம் வீங்கியிருக்கும். இரண்டு நாளில் தோட்டத்துக் கங்காணியோ கட்சிக்காரரோ வருவார். "மருத்துவச் செலவுக்கு வைத்துக்கொள், மேலே போகாதே." ஓர் உறை. அதைத்தான் நாங்கள் 'தீர்வு' என்போம். குன்னூர்காரர் ஊரில் நகர மன்றம் வாக்களிக்கிறது, எங்கள் ஊரில் உறை வாக்களிக்கிறது. அந்த உறைக்குப் பட்டியல் எண் உண்டா, கணக்கர் ஐயா?

---

பழைய கணக்கர் · ஜனவரி 7, காலை 8:00

இல்லை ஐயா.

---

கூடலூர் வழக்கறிஞர் · ஜனவரி 7, இரவு 9:30

உறைக்கு எண் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த இரவுக்குத் தடம் இருக்கலாம். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உறையைக் கையில் வாங்கியவரும், அந்தத் தேதி, நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி மறுநாளே ஒரு மனு அனுப்பலாம். நாள் போகப் போக அது அழியும். மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டுக்குள் போக வேண்டும், அதற்கு மேல் அவர்கள் விசாரிக்க முடியாது. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டு போட்ட மருத்துவர் எழுதிய இரண்டு வரி பிறகு பெரிய துணை.

மற்றபடி உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை அண்ணா.

---

கேத்திக்காரி · ஜனவரி 9, மாலை 6:20

எல்லோரும் சொன்னதை வைத்து மனுவைத் திரும்ப எழுதியிருக்கிறேன். தமிழில்தான். கணக்கர் ஐயா திருத்தித் தாருங்கள்.

"பொருள்: மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள், உயர் நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின் பேரில், இன்ன மாவட்டக் காவல் பணியாளர்கள் தொடர்பாக இழப்பீடு ஒப்பளித்து 1-1-2016 முதல் 31-12-2025 வரை வெளியான அரசாணைகளின் நகல்கள். ஒவ்வொரு ஆணைக்கும்: பணம் வழங்கப்பட்ட பட்டியலின் எண், தேதி, கணக்குத் தலைப்பு. பணியாளர்களிடம் பிடித்தம் செய்ய ஆணையிட்டிருந்தால், பதவி வாரியாகப் பிடித்த தொகை, அது அரசுக் கணக்கில் செலுத்தப்பட்ட விவரம். நீதிமன்றத் தடை இருந்தால் வழக்கு எண் மட்டும். பாதிக்கப்பட்டோர், பணியாளர் பெயர்களைப் பிரிவு 10-இன் கீழ் மறைத்துத் தரலாம். பிரிவு 8(2)-இன்படி பொதுநலன் கருதப்பட வேண்டும். இவ்வலுவலகத்தில் இல்லாதவற்றைப் பிரிவு 6(3)-இன் கீழ் ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பவும்."

---

பழைய கணக்கர் · ஜனவரி 9, இரவு 8:05

பத்தாண்டை ஒரே மனுவில் கேட்காதீர்கள். அலுவலகத்தின் ஆளும் நேரமும் அளவுக்கு மீறிச் செலவாகும் என்று 7(9)-ஐ எடுத்து நீட்டுவார்கள். முதலில் 2021 முதல் 2025 வரை. அது வந்ததும் அடுத்த ஐந்தாண்டு. மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: தலைமைச் செயலகத்தில் உள்துறை, மனித உரிமை ஆணையம், மாவட்டக் காவல் அலுவலகம். மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. வில்லையைப் பசையால் ஒட்டுங்கள், ஊசி குத்தாதீர்கள், வழியில் கழன்று விழுந்து "கட்டணம் இணைக்கப்படவில்லை" என்று திரும்பி வந்த மனுக்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சல் ரசீதைத் தொலைக்காதீர்கள், முப்பது நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

மனு நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படிக் குறிப்பெழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

---

கேத்திக்காரி · பிப்ரவரி 19, இரவு 7:50

பதில்கள் வந்துவிட்டன. எந்த அலுவலகம் எதைச் செய்தது என்று சொல்லவில்லை, நெறியாளருக்கு வேலை வைக்க வேண்டாம்.

ஒன்று, மனுவை 6(3)-இல் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கடிதம். இன்னொன்று முழுவதையும் 8(1)(ஜே) என்று மறுத்துவிட்டது, பெயர் வேண்டாம் என்று நானே எழுதியிருந்தும். மூன்றாவது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 22 ரூபாய் கட்டச் சொன்னது. கட்டினேன். பதினோரு பக்கம் வந்தது. நான்கு ஆணைகள். நான்கிலும் பெயர்கள் கறுப்பு. தொகை, பதவி, ஆணையத்தின் வழக்கு எண் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஒன்றில் உதவி ஆய்வாளர் ஒருவர், காவலர் இருவர், மூவரிடமும் சமமாகப் பிடிக்க வேண்டும் என்றிருக்கிறது. பிடித்த விவரம் நான்கில் ஒன்றுக்குக்கூட இல்லை. அந்தப் பத்திக்கு எதிரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது ஆணையைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. 'இரு சக்கர வாகனம்', 'வலக்கை விரல்கள்'. கறுப்பு மை போதவில்லை. இதை அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது சரியில்லை என்று எடுத்துக்கொண்டு போனேன். கிளறாதே என்று சொன்னவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போய் வங்கிப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். "அக்கா, தேதி தப்பு. எனக்குப் பணம் ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது" என்றாள்.

---

பழைய கணக்கர் · பிப்ரவரி 19, இரவு 8:30

பதற வேண்டாம் அம்மா. ஆணையின் தேதி, பணம் ஒப்பளித்த தேதி. அது முன்னால் இருப்பது இயல்பு. அவர் காட்டியது ஆணைத் தேதியா, பட்டியல் தேதியா?

---

கேத்திக்காரி · பிப்ரவரி 19, இரவு 8:41

பட்டியல் எண்ணுக்கு எதிரே "வழங்கப்பட்டது" என்று எழுதிப் போட்டிருக்கும் தேதி ஐயா. எட்டாம் பக்கம்.

---

பழைய கணக்கர் · பிப்ரவரி 19, இரவு 8:58

அப்படியானால் அது கேட்க வேண்டிய கேள்விதான். பட்டியல் திரும்பி வந்து மறுபடி போட்டிருக்கலாம், வங்கிக் கணக்கு எண் தவறி வரவாகாமல் போயிருக்கலாம், இரண்டையும் நூறு முறை பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் கருவூலத்தில் அதற்குப் பதிவு இருக்கும். அந்தப் பட்டியல் எண்ணைக் குறிப்பிட்டு, வரவு வைத்த நாளும் திரும்பி வந்திருந்தால் அதன் விவரமும் கேளுங்கள். செலவுச் சீட்டு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போயிருக்கும், அங்கேயும் ஒரு மனு. இது அவருடைய சொந்தப் பணம் என்பதால் மனுவில் அவரே கையெழுத்துப் போட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க முடியாது.

---

கூடலூர் வழக்கறிஞர் · பிப்ரவரி 19, இரவு 9:20

மறுத்த பதிலுக்கு முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள் அம்மா, கட்டணம் இல்லை. பிடித்த விவரத்தை விட்டுவிட்ட பதிலுக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று. அங்கேயும் நடக்காவிட்டால் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 10-ஆம் பிரிவைச் சொல்லியும் முழுவதையும் மறுத்தது ஏன் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

---

கொழுந்துக்கூடை · பிப்ரவரி 19, இரவு 9:34

அக்கா, ஊட்டியில் கட்டண வில்லை எங்கே கிடைக்கும்? எங்கள் லயனில் ஒருவருக்கு மூன்று வேண்டும்.

---

கேத்திக்காரி · பிப்ரவரி 19, இரவு 9:40

நீதிமன்றத்துக்கு வெளியே முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். திங்கட்கிழமை நானும் அவளும் போகிறோம். காலை 10 மணிக்குச் சேரிங்கிராஸில் நிற்கிறோம், அவரையும் அழைத்து வாருங்கள். பசையை நான் கொண்டு வருகிறேன்.